சம்பளத்தாலேயே சுவர் கட்டினார்கள், அரசாணையால் உடைத்தோம்!



"தகுதி இருந்தா வேலை தானா வரும், இடஒதுக்கீடு எதுக்கு?" இப்பவும் சிலர் கமெண்ட் போடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய கணக்கு.

1793. கம்பெனி ஆட்சி. ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேல் சம்பளம் வரும் உயர் பதவிகள் வெள்ளையருக்கு மட்டும். அதற்குக் கீழே இருப்பதுதான் நமக்கு. பிறகு ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு வந்தது. ஆனால் 1922-க்கு முன்பு வரை லண்டன் போய்த்தான் எழுதணும். தேர்வு எல்லாருக்கும் பொது. கப்பல் டிக்கெட்?

சரி, நம்மவருக்குக் கிடைத்த பதவிகளாவது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா? 1912-ல் சென்னை மாகாணத்தில் 140 டெபுடி கலெக்டர்களில் 77 பேர் பிராமணர்கள். 128 மாவட்ட முன்சீப்களில் 93 பேர். மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். யாரையும் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கதவு எங்கே பூட்டியிருந்தது என்று காட்டத்தான்.

அந்தப் பூட்டைத் திறந்தது நீதிக்கட்சி. 1921 செப்டம்பர் 16-ல் வகுப்புவாரி அரசாணை. அது ஏட்டிலேயே தூங்கியது. 1928-ல்தான் அமைச்சர் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் - ஆங்கிலோ இந்தியருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 1. கவனிங்க, யாரையும் வெளியே தள்ளவில்லை. அடுத்த வருஷமே, 1929-ல், சென்னை மாகாண சர்வீஸ் கமிஷன். இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் தாய் அதுதான்.

பழைய கதை என்று நினைக்காதீங்க. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் 45 உயர் பதவிகளுக்கு 'லேட்டரல் என்ட்ரி' விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு கிடையாது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் வாபஸ்!

மேலே லேட்டரல் என்ட்ரி என்றால், கீழே ஒப்பந்த முறை. எங்க திருமழிசையில் சிட்கோ ஷிப்ட் முடிச்சு வந்து, ராத்திரி குரூப்-4 புத்தகத்தைப் பிரிக்கிற பசங்க இருக்காங்க. நானும் இன்ஜினியரிங் முடிச்சு அப்படிப் படிச்சவன்தான். நாளைக்கு அந்த வேலையே ஏஜென்சி வழியா போனா, இனச்சுழற்சியை யார் பார்ப்பது? ஒரே மேஜை, ஒரே ஃபைல், பக்கத்து நாற்காலிக்குப் பாதிச் சம்பளம் என்றால், அதுவும் அந்த 500 பவுண்டு சுவர்தானே?

யாரை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது, இரண்டும் ஒரே கேள்விதான். எந்த அரசாக இருந்தாலும் கேட்போம்: நிரந்தரப் பணியிடம், தேர்வாணையம் வழி நியமனம், சம வேலைக்குச் சம ஊதியம்.

படிச்சதோட விடாதீங்க, உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்க.

#அரசுவேலை_நம்உரிமை #சமூகநீதி

- தகவல் தொழில்நுட்ப அணி, திருமழிசை