தையல் பிரியும் இடம்

காய்கறிப் பை எங்கே கிழிகிறது? கனம் முழுவதும் அடியில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கிழிவது கைப்பிடியைத் தைத்த இடத்தில். தையல்காரருக்கு இது தெரியும். அங்கே இரண்டு தையல் கூடுதலாகப் போடுவார். இதய வால்வு விஷயத்தில் மருத்துவ உலகம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

மாட்டின் இதய உறையை வெட்டித் தைத்துச் செய்யப்பட்ட அயனெஸ்கு-ஷைலி வால்வு, 1970களில் பல நாடுகளில் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. ரத்தம் தடையில்லாமல் ஓடியது. ஆனால் சில ஆண்டுகளில் பலருக்கு வால்வின் இதழ்கள் கிழிந்தன. இதழ்கள் சந்திக்கும் மூலையில் போட்டிருந்த தையலில்தான் பல கிழிசல்கள் தொடங்கியிருந்தன. 1980களில் அந்த வால்வு சந்தையிலிருந்து மறைந்தது. அடுத்து வந்த பெரிமவுண்ட் வால்வில், இதழ்களைச் சட்டத்துக்குள் வைத்துப் பொருத்தி, அந்த மூலையில் ஊசி படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லைக் கண்டதுமே ‘மன அழுத்தம்’ என்று எழுதிவிடுவது மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். என் கையும் விதிவிலக்கல்ல. பள்ளிக்கூட இயற்பியல் நூல் இதற்குத் ‘தகைவு’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. அழுத்தம் வெளியிலிருந்து வருவது. அதைத் தாங்கும்போது பொருளுக்குள்ளே எழுவது தகைவு. வால்வின் ஆயுள் இந்த இரண்டாவதைப் பொறுத்தது.

கணக்கு எளிது. மூடியிருக்கும் மகாதமனி வால்வின் மீது, ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமமான விசை. அற்பம்தான். ஆனால் இதழின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய திசு இதைத் தாங்கும்போது உள்ளே எழும் தகைவு, வெளி அழுத்தத்தைப் போலப் பத்து, இருபது மடங்கு ஆகிவிடுகிறது. அதுவும் தினமும் சுமார் ஒரு லட்சம் தடவை.

துடிக்கும் இதயத்தில் இதழுக்குள் கருவியைச் செருகி இதை அளப்பது நடக்கிற காரியமல்ல. அதனால் கம்ப்யூட்டர். இதழைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். விமான இறக்கைக்கும் அணைக்கட்டுக்கும் பயன்படும் அதே முறை. திரையில் வரும் வண்ணப்படத்தில், மூலைகளும் இதழ் சட்டத்தோடு சேரும் ஓரமும் சிவந்து நிற்கின்றன. பையின் கைப்பிடிதான்!

சிக்கலும் உண்டு. திசு ரப்பர் அல்ல. அதிலுள்ள கொலாஜன் இழைகள் நெளிநெளியாக இருக்கின்றன. நெளிவு நிமிரும்வரை எளிதாக நீளும். நிமிர்ந்த பிறகு விறைத்துக்கொள்ளும். நீளவாட்டில் ஒரு குணம், குறுக்குவாட்டில் வேறு குணம். இதையெல்லாம் சேர்க்காத மாதிரி அழகான படம் தரும், தப்பான விடை தரும்.

நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். ருமாட்டிக் காய்ச்சல் இந்தியாவில் இளவயதிலேயே வால்வைக் கெடுக்கிற நோய். உலோக வால்வு நீடித்து உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும் அபாயம் வேறு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு விலைச் சுமையைக் குறைத்தது. மாத்திரைச் சுமையிலிருந்து அதற்கும் விலக்கில்லை. திசு வால்வு பொருத்திய பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க அந்த மாத்திரை தேவையில்லை. ஆனால் இளையவர்களின் உடலில் அது சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது.

தகைவு மிகுந்த இடங்களில் சுண்ணாம்பு படியும் போக்கு இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் விசை மட்டுமே காரணமல்ல, உடலின் ரசாயனமும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் திசு வால்வை 20 கோடி தடவை திறந்து மூடிச் சோதிக்கிறார்கள். இதயக் கணக்கில் சுமார் ஐந்தாண்டு. அந்த எந்திரத்தில் ஓடுவது ரத்தமல்ல.

வால்வு எங்கே கிழியும் என்று கம்ப்யூட்டர் ஓரளவு சொல்லிவிடுகிறது. எப்போது என்று கேட்டால் தடுமாறுகிறது. இருபது வயதுப் பெண்ணும் அவள் அம்மாவும் டாக்டரிடம் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.