கிதார் பட்டால் தில்லானா கெடுமா?

போன வாரம் பெருமாள் கோயில் திண்ணையில் ஒரு வாக்குவாதம். என் பேரன் கைப்பேசியில் 'அகம்' என்ற ராக் குழுவின் தனாஸ்ரீ தில்லானாவைப் போட்டான். "ஸ்வாதித் திருநாள் பாட்டைக் கிதார் வைத்துக் கெடுத்துவிட்டான்களே! நிறுத்துடா" என்றார் நண்பர் ஒருவர். பையன் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்தப் பெங்களூர்க் குழு 2007-ல் சன் டிவி போட்டியில் ஜெயித்தது. அதில் பலரும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பாடியவர்கள். முதல் ஆல்பமான 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' வந்தது 2012-ல். இந்தத் தில்லானா அதில்தான் இருக்கிறது. ஐந்து வருஷம் பொறுத்துச் செய்த வேலையை ஐந்து நிமிஷம் கேட்கக்கூட நமக்குப் பொறுமையில்லை.

கிதார் அந்நியமாம். வயலின் எந்த ஊராம்? முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்ட வாத்தியம் அது. தீட்சிதரே வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வரம் எழுதினார். குழந்தைகள் பாடும் 'சக்தி ஸஹித கணபதிம்' மெட்டு ஒரு பிரெஞ்சு நடனப் பாட்டுடையது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கே இது ரிட்டயரான பிறகுதான் தெரிந்தது!

டிரம்ஸ் சத்தத்தில் சாகித்யம் அமுங்குகிறது என்றால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சுருதியைக் கேளுங்கள், தாளத்தைக் கேளுங்கள். வாத்தியத்தின் சொந்த ஊரை விசாரிக்காதீர்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லை என்று புலம்புகிறோம். நாட்டத்தோடு வந்தவனை நாம்தானே எழுப்பி அனுப்பினோம்?