கைப்பிடிப் பயறு கற்பித்த பாடம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. அறிவியல் பாடங்களுள் இம்மொழி மிகவும் பொருந்துவது ‘இயற்கைத் தேர்வு’ என்னும் பாடத்திற்கே என்பது எங்கள் கருத்து. சார்லஸ் டார்வின் 1859-இல் நூலாக வெளியிட்ட இக்கொள்கையைத் தேர்வுக்காக நான்கு வரிகளில் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் பொருள் என்னவென்று கேட்டால், “உயிரினம் தன் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது” என்று தவறாகவே விடை சொல்கிறோம். நாங்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம், ஒருநாள் பயறு பொறுக்கும் வரையில்!

அன்று எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களைத் திடலின் செம்மண் தரைக்கு அழைத்துச் சென்றார். கொள்ளு, கறுப்பு உளுந்து, பச்சைப்பயறு, வெள்ளை மொச்சை ஆகியவற்றில் வகைக்கு 50 வீதம் 200 மணிகளைத் தூவினோம். எங்களுள் பத்துப் பேர் பறவைகள். கண்ணில் முதலில் படும் மணியை, ஒரு முறைக்கு ஒன்றாக, தலைக்குப் 15 எடுக்க வேண்டும். எஞ்சிய 50 மணிகளை மண்ணோடு வாரிச் சல்லடையில் சலித்து எண்ணினோம். கொள்ளு 24, உளுந்து 12, பச்சைப்பயறு 10, மொச்சை 4. பிழைத்த ஒவ்வொரு மணிக்கும் அதே இனத்தில் மூன்று ‘பிள்ளைகள்’ சேர்த்து மீண்டும் 200 ஆக்கித் தூவினோம். இரண்டாம் சுற்றின் முடிவில் மொச்சை அறவே இல்லை. 50-இல் 35 கொள்ளாகவே இருந்தது.

“கொள்ளு தன்னை மறைத்துக்கொண்டது, சிஸ்டர்” என்றாள் ஒருத்தி. “அதற்காகக் கொள்ளு என்னம்மா செய்தது?” என்று கேட்டார் அவர். நாங்கள் விழித்தோம். கொள்ளு ஒன்றுமே செய்யவில்லை! எந்த மணியும் நிறம் மாறவில்லை. முயற்சி செய்யவுமில்லை. பறவைகளான நாங்களும் கொள்ளை வளர்க்க நினைக்கவில்லை. ஆயினும் கூட்டம் மாறிவிட்டது. பின்னர் ஒரு பச்சைச் சேலையை விரித்து ஆடியபோது பச்சைப்பயறே பெருகிற்று. எல்லா இடத்திற்கும் ஏற்ற இனம் என்று ஒன்றில்லை என்பதும் அப்போது விளங்கிற்று.

இவ்வாட்டத்தால் நமக்கென்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். பாகூர் வயல்களில் களையெடுக்கும் தாய்மாரைக் கேளுங்கள். நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலி இனத்துப் புல்லை இளம்பயிரில் பிரித்தறிவது எவ்வளவு அரிது! வேறுபட்டுத் தெரிந்த செடியெல்லாம் பிடுங்கப்பட, நெல்லை ஒத்தவை தப்பி விதை சிந்தின. சீனத்தின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இம்மாற்றம் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என 2019-இல் வெளியான ஆய்வொன்று காட்டுகிறது. அங்கே பறவையாக இருந்தது உழவரின் கையே! புகையான் பூச்சியைத் தாங்கும் என 1973-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 26 நெல்லும் சில ஆண்டுகளிலேயே அப்பூச்சிக்கு இரையாயிற்று. அந்நெல்லைத் தின்று பிழைக்க வல்ல பூச்சிகளே பெருகியதுதான் காரணம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதும், மருத்துவரைக் கேளாமல் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை விழுங்குவதும் இவ்வாறே ஆகும். இதை அறியாத வீடு நட்டப்படும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் எங்கள் பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமம் பற்றிய பாடம் இருக்கிறது. ஆனால் 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து அப்பகுதியை நீக்கிவிட்டது. அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு இதனை எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது உண்டே எனலாம். ஆனால் மேல்நிலையில் வணிகவியல் எடுப்பவளும், பத்தோடு படிப்பை நிறுத்துபவளும் அதை எங்கே கற்பார்கள்? புதுவை அரசுப் பள்ளிகளும் மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறிவிட்ட நிலையில், வில்லியனூரிலும் பாகூரிலும் படிக்கும் நம் சகோதரிகளுக்கும் இது நேர்கிறது அன்றோ?

“கடவுளின் படைப்பை இது மறுப்பதாகாதா?” என்று சிலர் ஐயுறுகின்றனர். மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம நோக்கில் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-லேயே எழுதினார். ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்பதையும் உடன் வலியுறுத்தினார். பரிணாமம் வெறும் கருதுகோள் அளவில் நிற்பதன்று எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் பெற்றோரை ஒத்திருப்பதன் விதியைப் பட்டாணிச் செடியில் கண்டு 1866-இல் வெளியிட்ட கிரெகோர் மெண்டலும் அகுஸ்தீன் சபைத் துறவியே. எனவே நம்பிக்கையுள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை.

இவ்விளையாட்டிற்கு ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டா. எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: நூலில் பாடம் இருப்பினும் இல்லாவிடினும், பத்தாம் வகுப்பு முடியுமுன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். பெற்றோரே, அன்று உங்கள் மகள் கைப்பிடிப் பயறு கேட்டால் மறுக்காமல் கொடுத்தனுப்புங்கள். மாலையில் அவள் வீடு திரும்பியதும், கொள்ளு என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள்!