பண்டிகைப் பலகாரமும் பெண்ணடிமையும்

தீபாவளி வருகின்றதென்றால் நம் மக்களுக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது நரகாசுரனுமல்ல, கிருஷ்ணனுமல்ல, அதிரசமும் முறுக்குமேயாகும். தெற்கே நரகாசுரன் செத்த நாள் என்கிறார்கள். வடக்கே இராமன் அயோத்திக்குத் திரும்பிய நாள் என்கிறார்கள். சமணர்கள் மகாவீரர் முக்தியடைந்த நாள் என்கிறார்கள். வங்காளத்தில் காளி பூசை நடக்கின்றது. ஒரே பண்டிகைக்கு இத்தனை காரணங்கள் சொல்லப்படுவதிலிருந்தே அக்காரணங்களின் யோக்கியதை விளங்கும். ஆனால் காரணம் எத்தனை மாறினாலும் மாறாத சங்கதி ஒன்றுண்டு. அது, அடுப்பின் முன் உட்கார்ந்து வேகிறவள் பெண் என்பதேயாகும். ஆகவே கதையை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றிப் பேசுவோம்.

அதிரசம் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். தின்பதற்கு இரண்டு வாய். செய்வதற்கோ, பச்சரிசியை ஊற வைக்க வேண்டும், நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடிக்க வேண்டும், சலிக்க வேண்டும், வெல்லத்தைக் காய்ச்சிப் பாகெடுக்க வேண்டும், மாவைக் கிளறி இரண்டொரு நாள் வைக்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணெயில் போட்டு, எடுத்து, அழுத்தி, எண்ணெயை வடிக்க வேண்டும். இது ஒரு பலகாரத்தின் கதை. முறுக்கு, சோமாசி, லட்டு என்று மற்றவை இருக்கின்றன. இவ்வளவும் தினப்படிச் சமையலுக்கும், துணி துவைப்பதற்கும், பிள்ளைகளைக் கவனிப்பதற்கும் மேற்பட்ட வேலை. வீட்டு ஆண்பிள்ளையின் பங்கு என்னவெனில், தட்டில் வந்ததை எடுத்து வாயில் போட்டுக் கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்லுவதேயாகும்.

இதை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்திய அரசாங்கமே 2019-ல் எடுத்த நேரக் கணக்கைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் உழைத்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிஷம் உழைத்தார்கள். அந்த 97 நிமிஷத்துக்காவது வந்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். மற்ற 74 பேர் அன்றைக்கு ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. சாதாரண நாளின் கணக்கே இதுவானால், பண்டிகை நாளின் கணக்கை யார் எழுதுவது?

இந்த உழைப்புக்கு மேல் ஒரு அவமானமும் சுமத்தப்படுகின்றது. அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனால், வீட்டுக்குத் தூரமான பெண்ணின் நிழல் பட்டுவிட்டது என்கிறார்கள். சீடை வெடித்தால் கண்ணேறு என்கிறார்கள். உண்மை என்ன? பாகு பதத்துக்கு வராவிட்டால் அதிரசம் பிரியும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, அது கரையாமல் விரலில் உருண்டு வருகிறதா என்று பார்த்தால் பதம் தெரிந்து போகும். சீடை வெடிப்பதோ, உருண்டைக்குள் அகப்பட்ட ஈரம் ஆவியாகி, மேல்தோடு இறுகிவிட்டதால் வெளியேற வழியின்றிக் கிழித்துக் கொண்டு வருவதேயாகும். மாவை நன்றாய்ச் சலித்து, அழுத்தாமல் உருட்டி, துணியில் உலர்த்தி, ஊசியால் குத்திப் போட்டால் எந்தக் கண்ணும் அதை வெடிக்கச் செய்யாது. ஈரமும் சூடும் செய்த காரியத்துக்கு ஒரு பெண்ணின் உடம்பைக் குற்றவாளியாக்கி அவளை மூலையில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, இது நம் நாட்டு மூடத்தனம் மாத்திரமல்ல. ஜெர்மனியில் திரெஸ்டன் நகரத்தார் கிறிஸ்துமஸுக்கு 'ஸ்டோலன்' என்னும் ரொட்டிப் பலகாரம் செய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய உபவாச காலத்தில் வெண்ணெய் கூடாதென்பது சபையின் சட்டம். வெண்ணெயில்லாத பலகாரம் வாயில் வைக்க முடியவில்லை என்று அந்நாட்டுப் பிரபுக்கள் போப்புக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1491-ல் எட்டாவது இன்னொசென்ட் என்னும் போப் இரங்கி, பணம் கட்டிவிட்டு வெண்ணெய் போட்டுக் கொள்ளலாம் என்று கடிதம் கொடுத்தார். பிரான்சில் ரூவான் நகரத்துப் பெரிய கோவிலில் ஒரு கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். உபவாச நாளில் வெண்ணெய் தின்ன அனுமதி பெற்றவர்கள் கொடுத்த பணம் அதில் சேர்ந்ததாம். காசு கொடுத்ததும் பாவம் எங்கே போயிற்று என்று கேட்கின்றோம். எந்த நாட்டிலானாலும் அடுப்பின் முன் நிற்காதவனே அடுப்புக்குச் சட்டம் போடுகிறான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அன்றியும், பலகாரத்தை உற்றார் உறவினருக்கும் சிநேகிதருக்கும் பங்கிடுவது அன்பின் அடையாளம் என்று சொல்லப்படுகின்றது. வாஸ்தவமானால் சந்தோஷமே. ஆனால் அந்தப் பங்கீட்டைச் சற்றுக் கவனியுங்கள். சம்பந்தி வீட்டுக்குத் தட்டு நிறையப் போகிறது. மேலதிகாரி வீட்டுக்குப் பெட்டியில் போகிறது. தெருக்கூட்டும் தொழிலாளிக்கோ கொல்லைப்புறத்தில், உடைந்த முறுக்கும் நொறுங்கிய அதிரசமும் காகிதத்தில் விழுகின்றன. அதையும் விடுங்கள். அவருக்கு நல்லதாகவே கொடுக்கும் தாராள மனமுள்ளவர்களை ஒன்று கேட்கின்றோம்: அவர் வீட்டு அம்மாள் செய்த அதிரசத்தை உங்கள் கூடத்தில் உட்கார்ந்து நீங்கள் தின்றதுண்டா? கொடுப்பது மாத்திரம் நம் கை, வாங்குவது மாத்திரம் அவர் கை என்றால் அதற்கு அன்பென்று பெயரல்ல. ஜாதி என்று பெயர். அவர் வீட்டிலும் அதே அரிசி, அதே வெல்லம், அதே எண்ணெய்தானே? தீட்டு எதில் ஒட்டிக் கொண்டிருக்கிறது?

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷம் முழுதும் பலகாரச் சீட்டுக் கட்டியும் போதாமல் காதுத் தோட்டை அடகு வைத்து எண்ணெய் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பக்கத்து வீட்டில் ஐந்து தினுசு என்றால் நம் வீட்டில் ஏழு வேண்டுமாம். தின்று தீர்வது நாலு நாளில். வட்டி தீர்வது அடுத்த தீபாவளிக்கும் இல்லை.

"அப்படியானால் பலகாரமே கூடாது என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி நாம் சொல்லவில்லை. நாலு பேர் கூடி நல்ல தின்பண்டம் தின்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. மனிதன் சந்தோஷப்பட வேண்டியவனே. ஆனால் வீட்டில் பாதிப்பேர் சந்தோஷப்பட மறுபாதி முதுகொடிய வேண்டும் என்பதைத்தான் ஒப்ப மாட்டோம். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது பலர் சிரித்தார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பிதிரார்ஜிதச் சொத்தில் பங்கு சட்டமாயிற்று. சொத்தில் பங்கு கொடுக்கச் சட்டம் வந்தது. அடுப்பில் பங்கெடுக்க எந்தச் சட்டம் வர வேண்டும்? அதற்குச் சட்டசபை வேண்டியதில்லை. எழுந்து சமையலறைக்குள் போனால் போதும்.

ஆகவே வாலிபர்களே! மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் தட்டுக்குக் கை நீட்டாதீர்கள். மாவை நீங்கள் சலியுங்கள். பாகை நீங்கள் கிளறுங்கள். வாணலியின் முன் நீங்களும் உட்காருங்கள். தாய்மார்களே! கையிலுள்ள காசுக்கு ஒரு தினுசு போதும் என்று துணிந்து சொல்லுங்கள். தீட்டென்று சொல்லுபவரிடம் பாகின் பதத்தைக் காட்டுங்கள். செய்ததை எந்த ஜாதியாருக்கும் முன்வாசலில் கொடுங்கள். அவர் கொடுப்பதை முன்வாசலில் வாங்கி அங்கேயே தின்னுங்கள். இவ்வளவும் செய்ய முடியாதென்றால், அந்தப் பலகாரத்தில் எவ்வளவு வெல்லம் போட்டாலும் அது கசப்பேயாகும்.