விந்து முந்துதல்: மறைக்க வேண்டிய குறையன்று

'நரம்புத் தளர்ச்சி' என்று தயங்கித் தயங்கிச் சொல்லி எங்களிடம் வரும் ஆண்களில் பலர், உண்மையில் விந்து முந்துதலைப் பற்றியே பேச வருகின்றனர். அதற்கு முன்பே, விளம்பரங்களை நம்பி விடுதி அறைகளில் விற்கப்படும் லேகியங்களுக்குப் பணத்தை இழந்திருப்பர். இளமைக்காலச் சுய இன்பமே காரணம் என்று அங்கே அச்சுறுத்தப்படுகின்றனர். அது உண்மையன்று.

எப்போதாவது முந்துவது நோயன்று. தொடக்கம் முதலே, ஏறத்தாழ 1 நிமிடத்துக்குள், அடக்க இயலாமல் விந்து வெளிப்பட்டு மனவேதனையும் தந்தால் அது வாழ்நாள் குறைபாடு. முன்பு இயல்பாயிருந்து, பின்னர் 3 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ சுருங்கினால், தைராய்டு மிகைச் சுரப்பு, புராஸ்டேட் அழற்சி, விறைப்புக் குறைவு, மனப்பதற்றம் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். காரணத்தைக் கண்டறிவதே முதற்பணி.

1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் விளக்கிய பயிற்சி இன்றும் பயன்படுகிறது: உச்சம் நெருங்கும்போது தூண்டலை நிறுத்தி, உணர்ச்சி தணிந்தபின் மீண்டும் தொடங்குதல். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும், டபாக்செட்டின் போன்ற மாத்திரைகளும் உள்ளன. மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. தலைச்சுற்றலும் மயக்கமும் வரக்கூடும். இதய நோய் சிலவற்றில் அது கூடவே கூடாது.

பயிற்சிக்கு மனைவியின் துணை வேண்டும். துணை வேண்டுமெனில் அவரிடம் பேச வேண்டும். ஆதலால், இந்நோயைவிட அதனை மறைப்பதே பெருந்தீங்கு என்பது எங்கள் கருத்து. இயன்றால் இருவருமாக வாருங்கள். நீங்கள் சொல்வது மருத்துவரின் அறையைத் தாண்டாது.