மடிக்கணினியை எடைக்குப் போடுமுன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதலாக ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் பெற ஒரு வழி வைத்தார்கள். அதுவும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரத்தை மூலையில் போட்டுவிட்டுப் பினாங்கின் கொம்தார் வளாகக் கடைகளில் புதியது விசாரிக்கிறார்கள் பெற்றோர்.

இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் தொடங்கியது நம் பாயான் லெப்பாசில்தான். மூலையில் கிடக்கும் கணினியின் சில்லு இந்தத் தீவிலேயே சோதித்து அனுப்பியதாகக்கூட இருக்கலாம். அது கெட்டுப்போகவில்லை. கெடு முடிந்தது மென்பொருளுக்கு.

இருபது, முப்பது ரிங்கிட் பெண்டிரைவ் ஒன்று போதும், அந்தக் கணினியை எழுப்பிவிடலாம். ஆஸ்திரேலியரான பேரி காவ்லர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் இதற்கு நல்ல சான்று. சில நூறு எம்பிக்குள் சுருக்கிக் கட்டிய முழு இயங்குதளம் அது. கணினி எழும்போது பெண்டிரைவிலிருந்து அப்படியே ரேமுக்கு ஏறிக்கொள்ளும்; பிறகு வன்தட்டின் பக்கமே போக வேண்டியதில்லை. வன்தட்டே செத்திருந்தாலும் வேலை நடக்கும். நம் கோப்புகளும் அமைப்புகளும் பெண்டிரைவிலேயே தனிச் சேமிப்புக் கோப்பாக உட்கார்ந்துகொள்ளும். மலிவான பெண்டிரைவ் ஓயாத எழுத்தைத் தாங்காது. ரேமில் ஓடுவதால் அதன் ஆயுளும் கூடுகிறது.

ஆனால் பப்பியில் நாம் எல்லா அதிகாரமும் உள்ள பயனராகவே நுழைகிறோம். பழைய கணினியைச் சோதிக்க, கோப்பு மீட்க அது சரி. பிள்ளைகள் கையில் கொடுக்க, ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு இலகுவான லினக்ஸையே சொல்வேன். சாதாரணப் பயனர் கணக்கும் உண்டு, பெண்டிரைவில் சேமிக்கும் வசதியும் உண்டு.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் தளம் உலாவியில் ஓடுவது. அதற்கு விண்டோஸ் கட்டாயமில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் புதுக் கணினிக்கு நன்கொடை திரட்டுமுன், மாணவருக்கு ஆளுக்கொரு பெண்டிரைவ் தயார்செய்து பார்க்கலாம். மூன்று பிள்ளைகள் ஒரே மடிக்கணினியைப் பங்கிடும் வீட்டில், அவரவர் பாடமும் அமைப்பும் அவரவர் பையில் இருக்கும். தமிழ் எழுத்துருவையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். திரையில் தமிழுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், பிள்ளை அன்றோடு அதைத் தொடாது.

சிக்கல்களும் உண்டு. கணினி பெண்டிரைவிலிருந்து எழ மறுத்தால், தொடக்க அமைப்பில் ‘செக்யூர் பூட்’ (Secure Boot) என்ற அம்சத்தை அணைக்க வேண்டியிருக்கும். வன்தட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் விண்டோஸுக்குத் திரும்பும்போது அது சாவி கேட்டு நிற்கலாம். பெண்டிரைவ் தொலைந்தால் உள்ளிருப்பதும் போச்சு, ஆகவே வாரம் ஒரு நகல் வேண்டும்.

எல்லாக் கணினியையும் காப்பாற்றிவிட முடியாது. இயங்குதளம் இலகுவானாலும் இன்றைய உலாவி இலகுவானதல்ல. 4 ஜிபி ரேம் இருந்தால் இணைய வகுப்பு ஒப்பேறும். 2 ஜிபியில் காணொளியும் ஆவணமும் சேர்ந்தால் மூச்சு முட்டும். அப்படிப்பட்டதைத் தட்டச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் வன்தட்டைக் கழற்றிக்கொண்டு, மீதியை மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

(கட்டுரையாளர், ஜார்ஜ் டவுனில் கணினிப் பயிற்றுநர்)