இயந்திரம் வந்தது, பயிற்சி எங்கே?

மூடை சுமந்து கூனிய முதுகுகளுக்கு ஓய்வளிக்க வந்தது போர்க்லிப்ட் என்னும் இயந்திரம். நெல் ஆலையிலும் களஞ்சியத்திலும் துறைமுகத்திலும் அதன் வரவை நாம் எதிர்க்கவில்லை. மனிதன் மாடுபோலப் பாரஞ் சுமக்க வேண்டுமென்று எவர் சொல்வார்? ஆனால், இயந்திரத்துக்குப் பெரும் பணத்தைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அதனை இயக்குபவனுக்குச் சில நாட் பயிற்சி அளிக்கத் தயங்கும் முதலாளிமாரை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

“உழவு இயந்திரம் ஓட்டுகிறவன்தானே, இதையும் ஓட்டுவான்” என்கின்றனர். உயிர் குடிக்கும் நியாயம் இது! உழவு இயந்திரமும் லொறியும் முன்சில்லுகளால் திரும்புவன. போர்க்லிப்டோ பின்சில்லுகளால் திரும்புவது. முன்பக்கம் சிறிது திரும்பினால் பின்பக்கம் அகல வீசும். அவ்வேளை சுவரோரம் நிற்பவனின் கதி என்ன? 2.5 தொன் தூக்கும் இயந்திரத்தின் சொந்த நிறையே 3.5 தொன்னுக்குக் குறையாது என்பதை நினைவிற் கொள்க.

துலா மிதித்து நீர் இறைத்த பரம்பரைக்கு இதன் தத்துவம் புதிதன்று. முன்சில்லின் அச்சே ஆடுகால். இரும்புக் கரங்களில் ஏற்றிய சுமை ஒருபுறம், பின்னே பொருத்திய எதிர்ப்பாரம் மறுபுறம். சுமையின் நடுப்புள்ளி கரங்களின் அடியிலிருந்து 500 மில்லிமீற்றருக்கு அப்பாற் சென்றால், 2.5 தொன் என்று தகட்டிற் பொறித்த அளவு செல்லாது. நான்கு சில்லுகள் தெரிந்தாலும், முன்சில்லுகள் இரண்டும் பின்னச்சின் நடுவும் ஆகிய மூன்று புள்ளிகளிலேயே இயந்திரம் நிற்கின்றது. சுமையை உயர்த்தியபடி வேகமாகத் திருப்பினால் அது பக்கவாட்டிற் சரியும். சரியும்போது வெளியே குதிப்பது மனித இயல்பு. குதித்தவனை மேற்கூரைச் சட்டமே நசுக்கிவிடும். இருக்கைப் பட்டியுடன் அமர்ந்து, சுக்கானை இறுகப் பற்றி, சரியும் திசைக்கு எதிரே சாய்ந்திருப்பதே உயிர்காக்கும் வழி. இதனைக் கற்பிக்காமல் எவன் அறிவான்?

சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மேல் உயர்த்தாது செல்லல். சரிவிற் சுமையை மேட்டுப்புறமாகவே வைத்தல். சுமை பார்வையை மறைத்தாற் பின்னோக்கிச் செலுத்தல். கரங்களின்மேல் எவரையும் ஏற்றாமை. நிறுத்தியபின் கரங்களைத் தரையில் இறக்கித் திறப்பைக் கழற்றுதல் — இவை யாவும் கற்றுப் பழகி, தேர்ந்தவர் முன் செய்துகாட்ட வேண்டியவை. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு வெளியான விதி, பாடமும் செய்முறையும் மதிப்பீடும் அளிப்பதைத் தொழில் வழங்குநரின் கடமையாக்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் மதிப்பிடவும் பணித்தது. அங்குள்ள தொழிலாளியின் உயிருக்குள்ள விலை எமது தொழிலாளியின் உயிருக்கு இல்லையா?

இந்நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு; 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் உண்டு. நட்டஈடு விதவையின் கைக்குப் பணத்தைக் கொடுக்கும், கணவனைக் கொடாது. ஆகவே அரசிடம் நாம் கேட்பது இதுவே: தமிழ்ப் பகுதிகளில் பயிற்சி நிலையம் வேண்டும், பாடமும் பரீட்சையும் தமிழில் நடைபெற வேண்டும், எச்சரிக்கைப் பலகை தமிழிலும் எழுதப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. அவ்வுரிமை காகிதத்தில் மட்டும் உறங்கலாகாது. உயிர்காக்கும் எச்சரிக்கையைப் புரியாத மொழியில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே.

அரசைக் கேட்பதோடு எம் கடமை தீர்ந்துவிடாது. எமது பொறியியலாளர் எளிய தமிழிற் கைந்நூல் எழுத முன்வர வேண்டும். ஆலை உரிமையாளரும் கூட்டுறவுச் சங்கத்தாரும், பயிற்சி பெறாதவன் கையில் திறப்பைக் கொடுப்பதில்லை என்று இன்றே உறுதி பூண வேண்டும். திறப்பு அவர்கள் கையில். உழைப்பாளியின் உயிரும் அவர்கள் கையிலேயே!